பின்தங்கிப் போன நகல்

மாத்தளை டவுனில் ஒரு டிஸ்பென்சரியில் எனக்கு வேலை. மருந்து கட்டுவதில்லை, ஊசி போடுவதில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதுதான். வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் கம்ப்யூட்டர் மிஸ். அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது. அதை ஒளித்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

எங்கள் டாக்டர் ஊர்க்காரர், முஸ்லிம், அறுபதைத் தாண்டியவர். டவுனில் தினமும் உட்காருவார். ஞாயிறு நாவுல, செவ்வாய் பின்னேரம் இரத்தோட்டை என்று இன்னும் இரண்டு இடங்கள். நாவுலயில் மருந்தெடுத்தவர் அடுத்த கிழமை டவுனுக்கு வருவார். மருந்து எழுதிய அட்டை எங்கே என்றால் வீட்டில் என்பார். போன தடவை என்ன கொடுத்தது என்று கேட்டால் "வெள்ளக் குளிசை டாக்டர்" என்பார். எல்லாக் குளிசையும் வெள்ளைதானே! டாக்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். இந்தக் கூத்துக்கு முடிவு கட்டுகிறேன் என்று சொல்லி, அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான். ஏற்றி முடித்ததும் இனி அட்டையே வேண்டாம் என்று டாக்டரைச் சம்மதிக்க வைத்தவளும் நான்தான்.

டவுனில் மருந்தறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் மெயின் சேர்வர். மூன்று இடத்தில் எழுதுவதும் அதில்தான் போய்ச் சேரும். அது விழுந்தால் என்ன செய்வது? அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். டாக்டருடைய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை பலாபத்வலயில் என் வீட்டுக்குக் கொண்டுபோய், அதை ஸ்டாண்ட்பை ஆக்கினேன். மெயினில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அடுத்த நொடியே அதிலும் ஏறிவிடும். மெயின் செத்தால் இது எழுந்து அந்த இடத்தில் உட்காரும். இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் ஒரே இடி இரண்டையும் தின்றுவிடும் என்று டாக்டருக்கு விளக்கினேன். "நீங்க பெரிய மூளைக்காரி மகள்" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மருந்தறையில் ஒரு அக்கா இருக்கிறார். இருபது வருடமாக அங்கே மருந்து கட்டுகிறவர். இடி முழங்கினால் போதும், ஓடி ஓடி எல்லாப் பிளக்கையும் கழற்றுவார். எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஐப்பசி பிறந்தால் பின்னேரம் தவறாமல் இடி; இடி முழங்கினால் டிவி, பிரிட்ஜ், போன் சார்ஜர், ஒன்று விடாமல் சுவரில் இருந்து வெளியே. நான் இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் மின்னல் இறங்கி டிவி வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நாள் நடுவில் சேர்வரைக் கழற்றினால் என்ன ஆகும்? மூன்று இடத்திலும் வேலை நின்றுவிடும். அதனால் மெயினுக்குப் பக்கத்தில், இடி தாங்கும் பிளக் கட்டை ஒன்றையும் பெரிய பேட்டரி ஒன்றையும் வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: கழற்றக் கூடாது.

"இடி வந்தாலுமா?" என்று அக்கா கேட்டார்.

"இடி வந்தாலும்தான். அதுக்குத்தானே இவ்வளவும் வாங்கி வச்சிருக்கு? பட்டிக்காட்டு ஆளுங்க மாதிரி ஓடாதீங்கக்கா."

அப்படித்தான் சொன்னேன். அக்கா மருந்து கட்டப் போய்விட்டார்.

அந்த ஐப்பசியில் என் கணவருடைய தங்கை மகளுக்குச் சடங்கு. நாவுலயில். ஐந்து நாள் நானும் கணவரும் அங்கேதான். புறப்படும்போது கணவர் வாசலில் நின்று, "எல்லாம் பாத்தியா?" என்றார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது பார்ப்பது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். கேஸை மூடினேன். பிரிட்ஜைக் கழற்றினேன். டிவி, ரவுட்டர், மாவு அரைக்கிற மெஷின். அப்படியே ஸ்டாண்ட்பையையும் கழற்றினேன். யோசிக்கவே இல்லை. டவுனில் கொட்டை எழுத்தில் ஒட்டிய அதே கை, வீட்டில் தானாகப் போய்ப் பிளக்கை இழுத்தது. ஐந்து நாள் கழித்து வந்து எல்லாவற்றையும் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் விட்டதை எல்லாம் பிடித்துவிடும் என்று நினைத்து, ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

அது பிடிக்கவில்லை. அது ஏன் என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஸ்டாண்ட்பை பேசாமல் இருக்கும் நாட்களில் எழுதப்படுவதை மெயின் தனியாக எடுத்து வைத்திருக்கும். அது திரும்பி வந்ததும் கொடுக்கும். ஆனால் மெயினில் இடம் குறைவு என்று, இரண்டு நாளுக்கு மேல் எடுத்து வைக்காதே என்று அதற்கு உத்தரவு போட்டவள் நானே. ஐந்து நாள் கழித்து ஸ்டாண்ட்பை வந்து கேட்டபோது, மெயினிடம் முதல் மூன்று நாள் இல்லை. நடுவில் ஓட்டை விழுந்தால் அதன்பிறகு ஒரு வரிகூட ஏறாது. ஸ்டாண்ட்பை நிமிடத்துக்கு ஒரு தடவை "எனக்கு வந்து சேரவில்லை" என்று தன் குறிப்பில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் குறிப்பைத் திறந்து பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். பார்க்கவில்லை. பச்சை விளக்குத்தான் எரிகிறதே!

இப்படி மூன்று வாரம் போனது.

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள், இரத்தோட்டைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் டவுனுக்கு வந்தாள். காது வலி, காய்ச்சல். டாக்டர் இரண்டு வகைக் குளிசை கொடுத்தார். அக்கா அவற்றைச் சின்னக் கடதாசிக் கவரில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று கோடு போட்டுக் கொடுத்தார். எங்கள் கவர்களில் மருந்தின் பெயர் எழுதுவதில்லை. பின்னேரம் அதே பெண்ணை அவள் கணவர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூச்சு சரியானதும் கம்ப்யூட்டரில் தானே தட்டி எழுதினார். பிறகு கணவரிடம், "இவங்களுக்கு ஒரு மருந்து ஒத்துக்காது. பேர இதுல போட்டு வச்சிருக்கி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எங்களக் கேக்கச் சொல்லுங்க" என்றார்.

"ஒரு துண்டுல எழுதித் தாங்களேன் டாக்டர்" என்று அவர் கேட்டார்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். "துண்டு தொலைஞ்சி போகும் அண்ணே. இது தொலையாது."

பத்து நாள் கழித்து டாக்டர் மக்காவுக்கு, உம்ராவுக்குப் போனார். காலையில் கொழும்புக்குப் புறப்பட்டார், பின்னேரம் விமானம். அன்றைக்குத்தான் மின்னல் இறங்கியது.

மூன்றரை மணி இருக்கும். டிஸ்பென்சரி மூடியிருந்தது, நான்கு மணிக்கு வேறொரு டாக்டர் வந்து உட்காருவதாக ஏற்பாடு. நானும் அக்காவும் மட்டும் உள்ளே. ஒரு வெளிச்சம், கூடவே சத்தம். காது அடைத்துப்போனது. பின்னறையில் இருந்து கருகல் நாற்றம். மின்னல் கரண்ட் வயரில் வரவில்லை, டெலிபோன் வயரில் வந்திருக்கிறது. நான் வாங்கிய கட்டைக்கும் பேட்டரிக்கும் அந்த வழி தெரியாது. ரவுட்டர் வழியாக நேரே மெயினுக்குள் இறங்கிவிட்டது.

"கழட்டத்தான் போனேன் மிஸ்" என்றார் அக்கா. "நீங்க ஒட்டியிருந்த கடதாசியப் பாத்துட்டு விட்டுட்டேன்."

அப்போதும் எனக்குத் திமிர் இறங்கவில்லை. "பதறாதீங்க. இதுக்குத்தானே வீட்டுல ஒன்னு வச்சிருக்கேன்" என்றேன். என் மடிக்கணினியைத் திறந்து, போனில் இருந்து இன்டர்நெட் எடுத்து, வீட்டு ஸ்டாண்ட்பைக்கு இனி நீதான் மெயின் என்று உத்தரவு கொடுத்தேன். பத்து நிமிடம். முன்மேசைத் திரையில் நோயாளிகளின் பட்டியல் வந்து நின்றது. அக்கா கன்னத்தில் கை வைத்து, "அடேயப்பா" என்றார். நான் டீ போடச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை. அரைக் கோப்பைதான் குடித்தேன்.

கதவைத் தட்டி உள்ளே வந்தவர் அந்தப் பெண்ணின் கணவர். தலையில் மழைத்தண்ணீர் வடிந்தது. கையில் ஆஸ்பத்திரித் துண்டு. மனைவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார், இப்போது நினைவில்லாமல் பேசுகிறாள். துண்டில் ஆஸ்பத்திரி டாக்டர் இங்கிலீஷில் எழுதியிருந்தார்: எலிக்காய்ச்சல் என்று நினைக்கிறோம். பெனிசிலின் போட வேண்டும். ஆனால் உங்கள் இடத்தில் ஏதோ மருந்து கொடுத்து மூச்சு அடைத்ததாகக் கணவர் சொல்கிறார். அது பெனிசிலின் வகையா? உடனே சொல்லுங்கள்.

"நீங்க போட்டு வச்சிருக்கிறதா சொன்னீங்களே மிஸ்" என்றார்.

"இருக்கு அண்ணே, உக்காருங்க. ஒரு நிமிஷம்."

நம்பரைத் தட்டினேன். அவளுடைய பெயர் வந்தது, வயது வந்தது, தோட்டத்தின் பெயர் வந்தது. கடைசியாக வந்த நாள் என்று சித்திரை மாதத்து இருமலைக் காட்டியது. திரும்பத் தட்டினேன். இருமல். வேறு நோயாளிகளைத் திறந்தேன். எல்லாரும் நாங்கள் நாவுலவுக்குச் சடங்குக்குப் போன அன்றைக்கு நின்றிருந்தார்கள். அதற்குப் பிறகு யாருமே டிஸ்பென்சரிக்கு வராதது மாதிரி.

பிளக்கைக் கழற்றின கை, பச்சை விளக்கு, இரண்டு நாள் உத்தரவு, எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளங்கி என்ன? திரையை அவர் பக்கம் திரும்பாமல் பிடித்துக்கொண்டேன். அவருக்கு அதில் இங்கிலீஷில் இருப்பதை வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தும் மறைத்தேன்.

"அந்தக் கவர் இருக்கா அண்ணே? மீந்த குளிசை ஏதாச்சும்?"

"அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன் மிஸ். புள்ளைங்க எடுத்துருமேன்னு."

"என்ன கலர்னு ஞாபகம் இருக்கா?"

"நான் மலைக்கு வேலைக்குப் போயிருந்தேன். அவதான் எடுத்துக் குடிச்சா. ரெண்டுல எத மொதல்ல குடிச்சான்னுகூட எனக்குத் தெரியாது."

அக்காவைப் பார்த்தேன். அக்கா ஒரு நாளைக்கு நூறு கவர் கட்டுகிறவர். "சத்தியமா ஞாபகமில்ல மிஸ்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். "அட்டையில எழுதின காலத்துல நானே பாத்து எழுதுவேன், மனசுல நிக்கும்." நான்கு மணிக்கு வருகிற டாக்டர் அவளைப் பார்த்ததே இல்லை. எங்கள் டாக்டருக்குப் போன் எடுத்தேன். அணைந்திருந்தது, வானத்தில் இருந்தார். இருந்தும் ஏழு தடவை எடுத்தேன். பின்னறைக்கு ஓடிக் கருகின மெயினின் மூடியைக் கழற்றினேன். உள்ளே சர்க்கியூட் பலகை கறுத்துப்போயிருந்தது. அவள் பெயரும் அந்த மருந்தின் பெயரும் அந்த டிஸ்க்குக்குள்தான் இருக்கின்றன, என் கைக்குள்ளேதான் இருக்கின்றன, எடுக்க வழியில்லை. அதைத் தூக்கிக்கொண்டு மழையில் டவுன் கம்ப்யூட்டர்க் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வேறொரு பெட்டியில் மாட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "டிஸ்க்கோட பலகையும் போயிருக்கு. கண்டிக்கு அனுப்பனும் மிஸ், ரெண்டு மூனு கிழம பிடிக்கும்" என்றார். "ஒரு மணி நேரத்துல வேணும்" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்?

அந்தப் பெண்ணின் கணவரோடு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பார்வை நேரம், வார்டு முழுக்க ஆட்கள். அந்தப் பெண் கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. கொழுந்துக் கூடையை யாரோ எடுத்துக்கொண்டு போனதாக முனகிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், சிங்களவர். என்ன மருந்து என்று கேட்டார். தெரியாது என்றேன். பதிவு இருக்கிறதல்லவா என்றார். இருக்கிறது, திறக்க முடியவில்லை என்றேன். நகல் இல்லையா என்று கேட்டார். இருந்தது என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்படியென்றால் பெனிசிலின் குடும்பத்தையே தொட முடியாது. வேறு மருந்து போடுகிறோம், அதுவும் வேலை செய்யக்கூடியதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் காலை டாக்டர் போன் எடுத்தார். இறங்கியதும் என்னுடைய அழைப்புகளைப் பார்த்திருக்கிறார். சொன்னேன்.

"மூஞ்சி வீங்கி வந்தவங்கதானே? ஞாபகம் வருது மகள். ஆனா எதாலன்னு... ரெண்டு வகை குடுத்தேன். ஒன்னு பெனிசிலின் வகை, ஒன்னு வலிக் குளிசை. எதாலன்னு அன்னைக்கி விசாரிச்சுத்தான் எழுதினேன். இப்ப நிச்சயமாச் சொல்ல ஏலாது. நிச்சயமில்லாம நான் ஒன்னச் சொல்லி, அவங்க போட்டு, ஏதாச்சும் ஆனா?" பிறகு, "நான் இங்க துஆ கேக்குறேன்" என்றார். நானும் அன்றைக்குக் கோயிலுக்குப் போனேன். வேறு என்ன தெரியும் எனக்கு? கம்ப்யூட்டர் மிஸ்!

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் சிறுநீரகம் நின்றது. கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேர்ந்து அரை நாளில் இறந்துபோனாள். இரண்டு பெண்பிள்ளைகள். செத்த வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்து அவள் கணவர் எழுந்து, உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார்.

மூன்று கிழமை கழித்துக் கண்டியில் இருந்து டிஸ்க்கில் இருந்ததை எடுத்து அனுப்பினார்கள். முழுவதும் இருந்தது, ஒரு வரி குறையவில்லை. மற்றவற்றைச் சேர்ப்பதற்கு முன் அவள் நம்பரைத்தான் தட்டினேன். டாக்டர் இரண்டே வரி எழுதியிருந்தார். வலிக் குளிசையால் வந்த வீக்கம், பெயர் இன்னது, இனிக் கொடுக்க வேண்டாம். மற்றக் குளிசை அப்போது இன்னும் குடிக்கத் தொடங்கவில்லை. பெனிசிலின் வகை முன்பு வேறு இடத்தில் பல தடவை எடுத்திருக்கிறாராம், பிரச்சினை இல்லை.

பெனிசிலின் போட்டிருக்கலாம். முதல் நாள், நான் டீ குடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே போட்டிருக்கலாம். டாக்டர் ஊருக்கு வந்ததும் திரையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத போட்டிருந்தாலும் மௌத்தாகியிருக்கலாம் மகள். இந்தக் காய்ச்சல் அப்பிடி" என்றார். இருக்கலாம். பிழைத்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்று எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

அடுத்த கிழமை அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். மூத்த பிள்ளையைக் கூட்டிவந்திருந்தார். அம்மாவுக்கு ஒத்துக்காதது பிள்ளைகளுக்கும் ஒத்துக்காமல் போகலாம், பேரைத் தெரிந்து வைத்துக்கொள் என்று கண்டியில் சொன்னார்களாம். "இப்ப கெடச்சிருச்சின்னு கேள்விப்பட்டேன் மிஸ். எழுதித் தாங்க" என்றார்.

வலிக் குளிசையின் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி மெல்ல வாசித்தார். பிள்ளையிடம் காட்டி, அவளையும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஒத்துக்காததுனாலதானே மிஸ், அந்த நல்ல ஊசியப் போட முடியாதுன்னு சொன்னாங்க?"

இல்லை. இதற்கும் அந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க அண்ணே" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். மனசில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கின ஆள் மாதிரி இருந்தது. "அப்ப யாரையும் சொல்லிக் குத்தமில்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸுக்குப் போனார்.